நூலால் அளந்த கோடு

வீரமுனைக் கோயிலைத் தாண்டிய பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பதைக் கவனித்தேன். திரும்பிப் போய் எடுத்திருக்கலாம். ஆலை முதலாளியின் முகத்தை இன்னொரு தடவை பார்ப்பதைவிடத் தார்ச்சூடு மேல் என்று தோன்றியது. காரைதீவுப் பக்கம் நடந்துகொண்டே இருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் தொட்டிக்கு உமி போட்டு எரிக்கிற வேலை எனக்கு. அன்று காலை முதலாளி வந்து, "உமி அள்ளிப் போடுறதுக்கும் ஒரு அளவு இரிக்கி ஆதம்பாவா" என்றார். "அளவு தெரிஞ்ச ஆளாப் பாத்து வெச்சிக்கங்க" என்று மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு வந்துவிட்டேன். சண்டை அவ்வளவுதான். நான் விட்ட வேலைகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் முடிந்தன. சாய்ந்தமருதில் கரைவலை இழுத்தேன், கல்முனையில் ஐஸ் உடைத்தேன், அக்கரைப்பற்றில் லொறியில் மூடை ஏற்றினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதே மாதிரித்தான். கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. கால் ஓரிடத்தில் நிற்காது.

விட்டுவிட்டுத் திரும்பவும் போய்ச் சேர்ந்த வேலை என்று ஒன்றே ஒன்று உண்டு. கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட் அறையில் சிற்றூழியர் வேலை. பிற்காலத்தில் அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன். பிரியாவிடை வைத்த அன்று, ஜப்பானில் பயிற்சி முடித்து வந்திருந்த ஒரு டொக்டர்ப் பிள்ளை கேட்டாள்: "அங்க இப்ப பாரமான அயன்களை, அந்தத் துகள்களைப் பாய்ச்சி வைத்தியம் செய்யினம். நல்ல நரம்புக்கு அது என்ன செய்யும் எண்டதிலதான் எல்லாருக்கும் கவலை. உங்கட கோபால்ட் காலத்தில நரம்பு பழுதாப்போன ஆக்களைப் பாத்திருக்கிறீங்களா?" கையில் கேக் துண்டை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கோபால்ட் அறைக்கு நான் போனது எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு. எங்கள் வீட்டுக் கூரையைக் காற்று கொண்டுபோய் எங்கே போட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. கூரையைத் தேடுவதைவிட வேலை தேடுவது சுலபமாக இருந்தது. பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. கதவைச் சாத்தப் பழகினேன், மணல்மூட்டையை நோயாளியின் தோளுக்கு அடியில் வைக்கப் பழகினேன், சிவப்பு விளக்கு எரிந்தால் வாசலைத் தாண்டக்கூடாது என்று பழகினேன். என்னை அங்கே வைத்திருந்ததற்கு வேறு காரணம் இருந்தது. கிழக்கிலிருந்து வரும் நோயாளிகளுக்குச் சிங்களம் தெரியாது, அங்கே இருந்த தாதிமாருக்குத் தமிழ் தெரியாது. நான் இரண்டையும் கொச்சையாகக் கதைப்பேன்.

எங்கள் டொக்டர் சிவநேசன் யாழ்ப்பாணத்தவர், சிங்களம் அரைகுறை. நெட்டை ஆள், சட்டைப்பையில் எப்போதும் கற்பூரத் தைலப் போத்தல் ஒன்று இருக்கும். நோயாளியோடு நின்றுகொண்டு கதைக்க மாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, அவர்களுடைய கண் மட்டத்துக்குத் தன் கண் வந்த பிறகுதான் வாய் திறப்பார். நான் மொழிபெயர்க்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு சிங்களக் கிழவர் சொன்னதை நான் கொஞ்சம் மரியாதைப்படுத்திச் சொன்னேன்.

"ஐசே, அவர் அப்பிடியே சொன்னவர்?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா. அவர் ஒங்கள ஏசினார்."

"அப்ப ஏச்சைச் சொல்லும். திருத்தாதையும். வருத்தம் எங்க இருக்கெண்டு ஏச்சிலதான் கனதரம் தெரியும்."

ஏச்சையும் சொன்னேன். டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். கிழவருக்குத் தொண்டைப்புண் என்று அந்த ஏச்சிலிருந்துதான் பிடித்தார். சோறு விழுங்க முடியாத ஆத்திரத்தில் திட்டியிருக்கிறார் மனுசன். அன்றிலிருந்து எனக்கு அது ஒரு சட்டம் ஆனது: சொன்னதைச் சொன்னபடி.

வேலை செய்யும் முறையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. இயந்திரத்தின் தலைக்குள் ஈயப் பெட்டியில் கோபால்ட் இருக்கும். கதிரைத் திறப்பதற்கு முன்னால், அதே வழியால் ஒரு சாதாரண வெளிச்சத்தை விடுவார்கள். அது நோயாளியின் தோலில் சதுரமாக விழும். தோலில் ஏற்கெனவே டொக்டர் ஊதா மையால் கோடு கீறியிருப்பார். வெளிச்சத்தின் விளிம்பும் மைக்கோடும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் சரி. எல்லோரும் வெளியே வருவோம், கனத்த கதவு மூடும், கதிர் திறக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் இப்படி நடக்கும். முழுவதையும் ஒரேயடியாகக் கொடுத்தால் நல்ல சதையும் நரம்பும் தாங்காது. கொஞ்சமாகக் கொடுத்தால் அடுத்த நாளைக்குள் அவை தம்மைத் தாமே ஓரளவு செப்பனிட்டுக்கொள்ளும்.

மார்பில் நோய் வந்த பெண்களுக்கு இரண்டு சதுரங்கள் போடுவார்கள். மேற்சதுரம் கழுத்தெலும்பையும் அக்குளையும் பிடிக்கும். கீழ்ச்சதுரம் நெஞ்சைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி விடுவார் டொக்டர். அந்த இடைவெளியைப் பற்றி அவருக்கு இருந்த கவலை, சில பேருக்குப் பிள்ளைகளைப் பற்றிக்கூட இராது. பேனையின் பின்பக்கத்தால் அதைத் தொட்டுக் காட்டுவார்.

"கைக்குப் போற நரம்பெல்லாம் சேந்து இதுக்குக் கிட்டத்தான் போகுது. இரண்டு சதுரமும் ஒண்டில ஒண்டு ஏறினா அந்த இடத்துக்கு இரட்டிப்புப் போகும். தோல் எண்டா உடன கத்தும், சிவக்கும், உரியும். நரம்பு கத்தாது. வருசக்கணக்காச் சும்மா கிடந்துபோட்டுப் பிறகுதான் கணக்குத் தீர்க்கும்."

இதையே ஒருமுறை தாதிமாருக்கும் மாணவர்களுக்கும் விரிவாகச் சொன்னார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றபோது எடுத்த படங்களைச் சுவரில் காட்டினார். படங்காட்டும் கருவியை இயக்கியது நான். முதல் படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். எலிகள் கூரையில் நடந்தன. "ஆதம், எலிக்கு அவ்வளவு கெட்டித்தனம் இல்லை" என்றார். படத்தைத் திருப்பிப் போட்டேன். அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் பாரமான துகள்களை எலிகளின் முதுகுத்தண்டில் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். கோபால்ட் கதிர் உடம்புக்குள் நுழைந்து, போகிற வழியெல்லாம் வேலை செய்துகொண்டு மறுபக்கத்தால் வெளியேறும். பாரத் துகள் அப்படி இல்லை. வழியில் கொஞ்சமாகவே தொட்டுக்கொண்டு போய், நிற்கிற இடத்தில் தன் பலத்தையெல்லாம் கொட்டும். நெல் மூடை ஏற்றிய வண்டி வரம்போரம் போகும்போது பெரிதாக எதுவும் ஆகாது, நிறுத்திய இடத்தில்தான் சில்லுப் புதையும் என்று நான் எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டேன். நோய் இருக்கிற இடத்தில் புதைந்தால் நன்மை. நல்ல நரம்பில் புதைந்தால் அது எழும்பாது. ஏனென்றால், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாலும் பாரத் துகள் செய்த காயத்தை நரம்பால் அவ்வளவாகச் செப்பனிட முடிவதில்லையாம். எலிகள் மாதக்கணக்காக ஓடித் திரிந்தன, தின்றன, சண்டை பிடித்தன. பிறகுதான் பின்கால்களை இழுக்கத் தொடங்கின. கடைசிப் படத்தில் ஒரு எலி பின்கால்களை ஈரத்துணிபோல இழுத்துக்கொண்டு போனது. விரிவுரை முடிந்தும் அந்தப் படத்தை நான் கருவியிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தேன் என்று டொக்டர் ஏசினார்.

அந்தக் காலத்தில்தான் மருதமுனையிலிருந்து சபியா ராத்தா, அதாவது சபியா அக்கா, வந்தார். கைத்தறியில், ஆண்கள் உடுக்கும் சாரன் நெய்கிறவர். வலது மார்பை வெட்டியெடுத்த காயம் ஆறி, கதிருக்காக வந்திருந்தார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு தாதிகள் அவரைப் படுக்க வைப்பார்கள். நான் பச்சைத் திரைக்குப் பின்னால் நின்று, அவர்கள் சொல்வதைத் தமிழில் கத்துவேன்.

"கையத் தூக்குங்க ராத்தா! இன்னும்! தலைக்கு மேல கம்பி இரிக்கி, அதப் புடிங்க! இனி ஆடப்படாது!"

"ஆடுறதுக்கு இதென்ன கலியாண ஊடா?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும்.

முதல் நாளே டொக்டர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்: "மைக்கோட்டக் கழுவப்படாது. வைத்தியம் முடியும் மட்டும் அந்த இடத்தில தண்ணி படப்படாது." திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு "ஓம்" என்றார்.

மற்றவர்களுடைய கோடு வியர்வையில் கரைந்து, உடுப்பில் ஒட்டி, சில நாட்களில் மங்கிவிடும். டொக்டர் திரும்பவும் கீற வேண்டியிருக்கும். சபியா ராத்தாவின் கோடு மட்டும் கடைசிவரை கூராக, அழியாமல் நின்றது. டொக்டரே வெளியே வந்து மெச்சினார். "சொல்லும் ஆதம், இவவின்ர கோடுதான் கோடு எண்டு." சொன்னேன். அதற்கும் திரைக்குப் பின்னால் சத்தம் இல்லை. வாயாடி மனுசி புகழைக் கேட்டு வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வைத்தியம் முடிந்து அவர் ஊருக்குப் போனார். கொஞ்சக் காலத்தில் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கியது. நானும் வேலையை விட்டேன்.

இப்போது மறுபடியும் வீதிக்கு வருகிறேன். யுத்த காலம்தான், ஆனால் அந்த மாதம் வீதி அமைதியாக இருந்தது. காரைதீவுச் சந்தியில் வடக்கே திரும்பி, சாய்ந்தமருதையும் கல்முனைக்குடியையும் தாண்டி, கல்முனை பஸ் நிலையத்துக்கு வந்தபோது மத்தியானம். தேநீர்க் கடையில் பிளேன்டீ கேட்டேன். வெந்நீரில் சாயத்தைக் காட்டிவிட்டு எடுத்த மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"தம்பி, இதுக்குள்ள தேயிலையப் போட்டயா, இல்லாட்டி தேயிலைக்கு இதக் காட்டினயா?" என்று கத்தினேன்.

எனக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. "மச்சான், இது அந்தக் குரல்தான். தெரைக்குப் பொறகால நிண்ட குரல்."

திரும்பினேன். மர வாங்கில் ஒரு மனுசி, முக்காடு போட்டு, மடியில் ஒரு பயணப்பையோடு இருந்தார். பக்கத்தில் அவருடைய கணவர். நெட்டையாக, வெயிலில் கறுத்த முகம்.

"கையத் தூக்குங்க எண்டு கத்துற தம்பி நீங்கதானே?" என்றார் அந்த மனுசி.

அப்படித்தான் சபியா ராத்தாவின் முகத்தை முதன்முதலில் பார்த்தேன். கணவர் பெயர் மீராலெப்பை. மனைவி நெய்யும் சாரன்களைச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராக விற்பவர். கொழும்பு பஸ் பின்னேரம் வெளிக்கிடும், அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

"மறுகாவும் வந்திட்டு தம்பி" என்றார் மீராலெப்பை. "கையில வந்திரிக்கி. திரும்பவும் கதிர் புடிக்கத்தான் போறம். தறிய எடுக்க ஒரு ஆளுக்கிட்டயும் சொல்லிட்டன், நாளைக்கு வந்து கழட்டுவான்."

"கையில என்ன?" என்றேன்.

சபியா ராத்தா வலது கையை நீட்டினார். பெருவிரலில் ஆறாத சூட்டுக்காயம். "சட்டியப் புடிச்சிட்டு நிண்ட, சுட்டது தெரியல்ல. இவர்தான் கருகின மணத்தப் புடிச்சி ஓடி வந்த. பெருவிரலும் இந்த விரலும் என்ட கையில இரிக்கிறதே தெரியல்ல. தறியில ஓடம் ஓட்டுற கயித்த இழுத்தா கை நழுவுது."

"நோவு?"

"நோவு எண்டா நல்லமே. ஒண்டுமில்ல."

சுவர்ப் படத்தில் பின்கால்களை இழுத்துக்கொண்டு போன எலி எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் எலியைப் பார்த்தவன் எல்லாம் டொக்டர் ஆகிவிட முடியாது. "பஸ்ஸுக்கு நேரம் கிடக்குத்தானே. போற முன்னம் டொக்டரிட்ட ஒரு வார்த்த கேப்பம். வாறம் எண்டு செல்லவும் வேணுமே" என்றேன்.

தபால் கந்தோர் பக்கத்தில்தான். கொழும்புக்கு அழைப்புப் பதிந்துவிட்டு வரிசையில் நின்றோம். நீண்ட நேரம் கழித்துத் தொடர்பு கிடைத்தது. கொழும்புக்குக் கத்துவதற்குத் தொலைபேசியே தேவையில்லை என்கிற அளவுக்குக் கத்த வேண்டியிருந்தது. சபியா ராத்தா எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். மீராலெப்பை பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். சம்பள நாளாக்கும், கந்தோர் நிறைய ஆட்கள்.

"ஐயா, ஆதம்பாவா கதைக்கிறன்!"

"எந்தக் கூரையில நிக்கிறீர் ஐசே?" என்றார். மனுசன் எலிகளை மறக்கவில்லை.

விசயத்தைச் சொன்னேன். அவருடைய குரல் மாறியது. முக்காலியை இழுத்துப்போட்ட குரல்.

"முதல் எந்த விரல்?"

"பெருவிரல்."

"நோ இருக்கோ?"

"இல்லையாம்."

"கழுத்தெலும்புக்குக் கீழ தோல் எப்பிடி?"

கேட்டேன். "காஞ்ச மாட்டுத்தோல் மாதிரி" என்றார் சபியா ராத்தா. அதை அப்படியே அனுப்பினேன்.

"ஆதம், அந்தக் கோடு. எல்லாற்ர கோடும் அழிஞ்சது, இவவின்ர மட்டும் ஏன் அழியேல்லை? அண்டைக்கு மெச்சினன். மெச்சினதோட கேட்டிருக்க வேணும். இப்ப கேளும்."

கேட்டேன். சபியா ராத்தா கணவரைப் பார்த்தார், கந்தோரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்:

"அது நான் கீறின கோடு."

"என்ன?"

"மொத வாரத்திலேயே எனக்குக் குளிப்புக் கடமையாப் பெய்த்து தம்பி. ஒவ்வொரு மாசமும் பொம்புளைக்கு வாறதுதானே. மை தோலுல பட்டை மாதிரி இரிக்கி. அதுக்குக் கீழ தண்ணி போகாட்டி குளிப்புச் சேராது. குளிப்புச் சேராட்டித் தொழ ஏலாது. உசிருக்குப் போராடுற நேரம் தொழாம இரிக்கச் செல்றயா? நேர்ஸ்மாருக்கிட்ட செல்ல பாஷை தெரியா. பாஷை தெரிஞ்சது டொக்டரும் நீங்களும்தான். அவரும் ஆம்புள, நீங்க நம்மட ஊர் ஆம்புள. தெரைக்கு இந்தப் பக்கம் நிண்டு ஒங்களுக்கிட்ட அதச் செல்ல ஏலுமா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். முத்திரை குத்துகிறவர் ஒரே கடிதத்தில் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தார்.

"கழுவிட்டு?" என்றேன்.

"கழுவிட்டுக் குளிச்ச. கழுவ முன்னமே நூலால அளந்து வெச்ச. நான் நெசவுக்காரி, ஒரு இழை பெசகாம அளப்பன். ஒரு முடிச்சு கழுத்தெலும்புக்கு, ஒரு முடிச்சு கீழ்க் கோட்டுக்கு. பாவுக்கு அடையாளம் போடுற ஊதாப் பென்சில் என்ட பையில இருந்த. அதால கீறின. மறுகா கொஞ்சம் மங்கினாலும் அதுக்கு மேலேயே கீறுவன்."

சொன்னதைச் சொன்னபடி தொலைபேசிக்குள் சொன்னேன். குளிப்புக் கடமையையும் சேர்த்து, கல்முனைத் தபால் கந்தோருக்கே கேட்கிற மாதிரி. ஒரு பெரியவர் "அல்லாவே" என்று வெளியே போய்விட்டார்.

டொக்டர் கேட்டார்: "அளக்கேக்க கை தூக்கி இருந்ததோ, பதிஞ்சு இருந்ததோ? கீறேக்க?"

சபியா ராத்தா யோசித்தார். அந்தக் கந்தோருக்குள்ளேயே, முக்காட்டுக்கு அடியில், வலது கையை மெல்லத் தலைக்கு மேலே தூக்கினார். இடது கையால் கழுத்தெலும்பின் கீழே துணிக்கு மேலாக ஓரிடத்தைத் தொட்டார். பிறகு வலது கையைத் தாழ்த்தினார். மறுபடி தூக்கினார். தொட்ட விரல் தோலோடு சேர்ந்து மேலே ஏறியது.

"கட்டில்ல படுத்துக் கையத் தூக்கிட்டு அளந்த" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நீங்க தூக்கச் செல்லுவீங்களே, அது மாதிரி. கீறினது குளியலறையில. கண்ணாடிக்கு முன்னுக்கு நிண்டு. கையப் பதிச்சிட்டு."

வேறு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேற்சதுரத்துக்கு எலும்பு சாட்சி, அது நகரவில்லை. கீழ்ச்சதுரத்துக்குச் சதைதான் சாட்சி. கை தாழ்ந்திருக்கும்போது கீறிய கோடு, கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியதும் தோலோடு மேலே போயிருக்கிறது. டொக்டர் விட்ட விரற்கடை இடைவெளியை அது விழுங்கி, மேற்சதுரத்துக்குள் ஏறியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு நாளும் அந்தக் கூரான கோட்டுக்கு வெளிச்சத்தைப் பொருத்தி, மெச்சி, கதவை மூடியிருக்கிறோம். நரம்பு சத்தம் போடாமல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

டொக்டர் சொன்னார்: "நோய் திரும்பேல்லை எண்டுதான் நினைக்கிறன். நோய் எண்டா அநேகமா நோகும். இது கதிர் செய்த வேலை. ஆனா நான் தொட்டுப் பாக்கேல்லை. இண்டைக்கே அங்க உள்ள டொக்டரிட்ட காட்டி, கழுத்திலையும் அக்குளிலையும் கட்டி இருக்கோ எண்டு பாக்கச் சொல்லும். இல்லையெண்டா அவசரமா வர வேண்டாம். வசதிப்படேக்க என்னட்டக் காட்ட வரட்டும், கதிருக்கு வரக்கூடாது. ஆர் சொன்னாலும் அந்த இடத்துக்கு இனிக் கதிர் வேண்டாம். அந்த நரம்பு இனி ஒரு துளியும் தாங்காது."

"கை திரும்புமா ஐயா?"

"இல்லை. இன்னும் கொஞ்சம் போகும். எங்க போய் நிக்கும் எண்டு எனக்குத் தெரியாது. திருத்தாமச் சொல்லும்." பிறகு, "குளிக்க வேணும் எண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தா, குளிச்ச பிறகு நானே திரும்பக் கீறியிருப்பன். அதையும் சொல்லும்" என்றார்.

தொடர்பு அறுந்தது. நான் திரும்பினேன். ஏச்சைத் திருத்தாமல் சொல்வது சுலபம். இதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அழைப்புக் காசை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"செல்லுங்க தம்பி" என்றார் சபியா ராத்தா. "இப்ப நடுவுல தெரையுமில்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். நோய் இல்லைபோல் இருக்கிறது என்றதும் மீராலெப்பை பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். கை திரும்பாது என்றேன். சபியா ராத்தா அந்தக் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இடது கை?"

"இடது கைக்கு ஒண்டுமில்ல."

"கால்?"

"கால் நல்லம்."

"தறிக்கு ரெண்டு கையும் ரெண்டு காலும் வேணும்" என்றார். "அப்ப ஒரு கைதான் காணாது."

கல்முனைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் நிதானமாகத் தடவிப் பார்த்தார். கழுத்திலும் இல்லை, அக்குளிலும் இல்லை, கட்டி எங்குமே இல்லை. நாங்கள் வெளியே வரும்போது கொழும்பு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. மீராலெப்பை அதைப் பார்த்து, ஏன் என்று தெரியாமல், கையசைத்தார்.

பாண்டிருப்பைத் தாண்டி மூவரும் மருதமுனைக்கு நடந்தோம். வழியில்தான் பேச்சு வந்தது.

"தறிக்காரனுக்கு வர வேணாம் எண்டு செல்லுங்க" என்றார் சபியா ராத்தா.

"தறிய வெச்சி என்னகா செய்ற? ஆரு இழுக்கிற?"

"நீங்கதான்."

"நானா? எனக்கு விக்கத்தான் தெரியும்!"

"பாவுல கைவைக்கத் தேவல்ல. நான் மிதிப்பன், நான் அடிப்பன். இழு எண்டா கயித்த இழுக்கிற. அதுக்கும் ஏலாதா?"

"அப்ப சைக்கிள்? சாரன் ஆரு விக்கிற?"

ராத்தா நின்றார். என் காலைப் பார்த்தார். செருப்பில்லாத, தார் அப்பிய கால்.

"தம்பி, ஒங்களுக்கு இப்ப என்ன வேல?"

"காலையிலதான் ஒண்ட விட்டுட்டு வாறன்."

"நல்லம். தேத்தண்ணிக் கடையில ஒங்கட சத்தத்தக் கேட்ட. அந்தத் தொண்டைக்குச் சாரன் விக்கலாம்."

மறுநாள் காலை மீராலெப்பையின் சைக்கிளில், பெட்டிபோல் மடித்த சாரன்களைக் கட்டினேன். காலில் அவருடைய பழைய செருப்பு, ஒரு சுற்றுப் பெரிது. தறி ஓலைவேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிலுக்குள் இருந்தது. உள்ளே முகம் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. மிதி இறங்கியது, நூல் ஓடம் பாதி வழியில் நின்றது, மீராலெப்பை "அல்லா" என்றார். திரும்பவும் மிதி இறங்கியது.

"கையத் தூக்குங்க!" என்று கத்தினார் சபியா ராத்தா. "இன்னும்! இப்ப இழுங்க! ஆடப்படாது!"

ஓடம் இந்த முறை மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. இடது கையால் அவர் ஓங்கி அடித்த அடி வேலிவரை அதிர்ந்தது.

நான் சைக்கிளைத் தெற்கே திருப்பினேன். தம்பிலுவில்வரை போகலாம், ஆலையடிவேம்பில் சந்தை. சம்மாந்துறைப் பக்கம் மட்டும் முதல் நாளே போக வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு, மணியை அடித்தேன், தொண்டையைச் செருமினேன்.

"சாரன்! மருதமுனைச் சாரன்!"